ஆடுகிற மடக்குக் கத்தி: எந்த ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்குவது

தினமும் பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்தியில் இரண்டு ரக ஸ்க்ரூ இருக்கிறது. கைப்பிடித் தகடுகளையும் கிளிப்பையும் பிடித்திருப்பவை ஒரு ரகம். பிளேடு சுழலும் அச்சில் இருக்கும் பிவட் ஸ்க்ரூ இன்னொரு ரகம்.

முதல் ரகத்தை முழுக்க இறுக்கி வைக்கலாம். நன்றாக இறுகிய ஸ்க்ரூ இம்மியளவு நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் அதைக் கழலாமல் நிறுத்துகிறது. பிவட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதை முழுக்க இறுக்கினால் பிளேடு திறக்காது. அதனால் தயாரிக்கிறவர்களே அதை அரை இறுக்கத்தில்தான் விடுகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பிளேடு வாஷரை இழுக்கும், வாஷர் ஸ்க்ரூவை இழுக்கும். புதுக் கத்தியிலும் பிவட் தளரும், பத்தாயிரம் ரூபாய் கத்தியிலும் தளரும். இதைக் கை பலத்தால் தீர்க்க முடியாது. மரையில் விடும் பசைதான் பிடிக்க வேண்டும். கீழே வரும் வைத்தியங்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் பிட், அதாவது ஸ்க்ரூடிரைவர் முனை

பெரும்பாலான கத்திகளில் இருப்பது டார்க்ஸ் தலை, ஆறு முனை நட்சத்திரக் குழி. 1967-இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் இது. கத்தியில் அடிக்கடி வரும் அளவுகள் டி6, டி8, டி10. கிளிப்புக்கும் உடலுக்கும் பொதுவாக டி6 அல்லது டி8, பிவட்டுக்கு டி8 அல்லது டி10. முனைக்கு முனை அளந்தால் டி6 சுமார் 1.7 மி.மீ., டி7 சுமார் 2, டி8 சுமார் 2.3, டி10 சுமார் 2.7. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. டி8 குழியில் டி7 பிட் நுழையும், திருகவும் செய்யும். ஆனால் நட்சத்திரத்தின் ஓரங்களைச் சீவிக்கொண்டே திருகும். அப்புறம் சரியான பிட்டைக் கொண்டுவந்தாலும் பிடிக்காது. ஆலன் கீயை நுழைத்துத் திருகுவதும் அதே கதைதான்.

பிட் தேடி அலைய வேண்டாம். செல்போன் சர்வீஸ் செட்டுகளில் டி6, டி8 இரண்டும் இருக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் எந்தக் கருவிக் கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். சில செட்டுகளில் பிட்டின் முனை நடுவில் துளையோடு இருக்கும். நடுவில் ஊசி வைத்த ஸ்க்ரூக்களுக்கானவை அவை. கத்திக்கும் பொருந்தும், ஆனால் டி6 அளவில் துளை போட்டபின் மிஞ்சும் இரும்பு மிகக் கொஞ்சம். கொஞ்சம் அழுத்தினால் முனை ஒடிந்து ஸ்க்ரூவுக்குள்ளேயே தங்கிவிடும். துளையில்லாத பிட்டையே எடுங்கள்.

பிட்டைச் செருகுவதற்கு முன் ஸ்க்ரூத் தலையை வெளிச்சத்தில் பாருங்கள். பேண்ட் பைக்குள் இருந்த கத்தியில் நூல் பிசிறும் வியர்வையும் சேர்ந்து, குழியின் அடியில் சாம்பல் நிறப் பொட்டாக இறுகியிருக்கும். அது இருக்கும்வரை பிட் பாதி ஆழம்தான் இறங்கும். பாதி ஆழத்தில் பிடித்துத் திருகினால் குழியின் மேல்விளிம்பு மழுங்கும். குண்டூசி முனையால் அதைக் கிளறி எடுத்து, ஒரு ஊது ஊதிவிட்டுச் செருகுங்கள். சரியான பிட் சரியாக இறங்கினால், கையை எடுத்த பின்னும் அசையாமல் செங்குத்தாக நிற்கும். சாய்ந்தாலோ ஆடினாலோ திருகாதீர்கள்.

சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் கொண்டு பிடியுங்கள், முழுக்கையால் அல்ல. பிளேடின் கூர்ப்பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பிளேடு இடவலமாக ஆடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கத்தியைத் திறந்து லாக் விழச் செய்யுங்கள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையால் பிளேடின் தட்டையான பக்கங்களைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். 'டிக் டிக்' என்று உணர்ந்தால் ஆட்டம் இருக்கிறது.

உடனே பிவட்டில் கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். முதலில் உடல் ஸ்க்ரூக்களைச் சோதியுங்கள். கைப்பிடியின் இரண்டு பக்கங்களும் விலகியிருந்தால் பிளேடு ஆடத்தான் செய்யும். அந்த நிலையில் பிவட்டை இறுக்கினால் ஆட்டம் போகும், கூடவே பிளேடு ஒரு பக்கமாகச் சாயும், திறப்பதும் கனமாகும். உடல் ஸ்க்ரூக்களை ஒன்றை மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். பல கத்திகளில் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் பிவட். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கடிகாரத்தின் பெரிய முள் ஏழு நிமிடம் நகரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மிகக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் மரையின் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் அரைக்கால் சுற்றில் ஸ்க்ரூ உள்ளே போவது 0.06 மி.மீ. ஒரு ஏ4 தாளின் தடிமனே 0.1 மி.மீ. தான். பிளேடு ஆடுவதற்கும் இறுகிப்போவதற்கும் நடுவே இருக்கும் இடம் அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பிட்டை எடுத்துவிட்டு, கத்தியை நாலைந்து முறை திறந்து மூடி, பிறகு ஆட்டிப் பாருங்கள். திறந்து மூடாமல் சோதித்தால் வாஷர் இன்னும் புது இடத்தில் உட்கார்ந்திருக்காது, கணக்குத் தப்பும்.

பிவட்டை முழுக்க இறுக்கும் கத்திகளும் உண்டு. கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் பெரிய செபென்சா அப்படி. அதன் அச்சில் துல்லியமாகக் கடைந்த புஷ், அதாவது சின்ன உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. ஸ்க்ரூ எவ்வளவு இறுகினாலும் புஷ் இடைவெளியைக் காப்பாற்றிவிடும். அந்த வகையில் அரைக்கால் கணக்கு தேவையில்லை, நிற்கும்வரை திருகினால் போதும். உங்கள் கத்தி எந்த வகை என்பது கொஞ்சம் இறுக்கும்போதே தெரிந்துவிடும். ஸ்க்ரூ சட்டென்று நின்று, பிளேடு இன்னமும் சுலபமாகத் திறந்தால் உள்ளே புஷ் இருக்கிறது.

எவ்வளவு இறுக்கினாலும் ஒன்று ஆடுகிறது அல்லது ஒன்று இறுகுகிறது, நடுவில் நல்ல இடமே இல்லை என்றால் கோளாறு ஸ்க்ரூவில் இல்லை. வாஷர் தேய்ந்திருக்கலாம். பால் பேரிங் கத்தி என்றால், குண்டுகள் பதிந்து கைப்பிடித் தகட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. பிரிப்பதாக இருந்தால் வெளிர்நிறப் பழைய துண்டை விரித்து அதன் மேல் பிரியுங்கள். கூண்டில்லாத பேரிங் குண்டுகளும், ஆக்சிஸ் லாக் (குறுக்குக் கம்பி பிளேடைப் பூட்டும் வகை) கத்திகளில் இருக்கும் ஒமேகா வடிவ மெல்லிய ஸ்பிரிங்கும் தரையில் விழுந்தால் விளக்குமாறுக்குத்தான் கிடைக்கும். பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சில நிறுவனங்கள் சொல்லும். கத்தி புதிது என்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் போச்சு, ஆனால் திறக்கவே கஷ்டமாக இருக்கிறது

அதிகம் இறுக்கியாகிவிட்டது. அரைக்கால் சுற்றில் பாதி பின்னால் எடுங்கள். அப்போதும் கனமாக இருந்தால் பிவட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட வேண்டாம். கொஞ்ச நாளில் பிசுக்காகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு, இன்னும் கனமாக்கும்.

மூடிய நிலையில் பிளேடு ஒரு பக்கத் தகட்டை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? உடல் ஸ்க்ரூக்களை எல்லாம் கால் சுற்று தளர்த்துங்கள். பிளேடை நடுவுக்குத் தள்ளிப் பிடித்தபடி பிவட்டைச் சரி செய்து, பிறகு உடல் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி இறுக்குங்கள். நடுவில் நின்றால் நல்லது. நிற்காமல் சற்றே ஓரமாக, ஆனால் உரசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அழகுக்காக அதைத் துரத்தத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இறுக்கிய இரண்டு நாளில் மறுபடி தளர்கிறது

இதற்குத்தான் மரைப் பசை. எல்லோரும் சொல்லும் பெயர் லாக்டைட். சென்னை நிறுவனமான அனபாண்டின் பசைகளும் வண்டி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். எது வாங்கினாலும் பலம் முக்கியம். லாக்டைட்டில் 222 ஊதா நிறம், குறைந்த பலம், சின்ன ஸ்க்ரூக்களுக்கானது. 242, 243 நீலம், நடுத்தரம். 271 சிவப்பு, அதிக பலம், சூடாக்காமல் கழற்ற முடியாதது. கத்திக்கு ஊதா உத்தமம், நீலம் போதும், சிவப்பு வேண்டவே வேண்டாம். மற்ற நிறுவனங்களில் நிறம் மாறலாம். நிறத்தை நம்பாமல் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து, கழற்றக்கூடியது என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

இந்தப் பசை வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதித் தவறு தானாகக் குறையும். ஃபெவிக்விக் காற்றின் ஈரத்தால் இறுகுவது. இது நேர்மாறு. காற்று இல்லாத இடத்தில், உலோகம் தொடும்போதுதான் இறுகும். பாட்டில் புதிதாகவே பாதி காலியாக இருப்பது கடைக்காரர் ஏமாற்றியதால் அல்ல. உள்ளே காற்று இருந்தால்தான் பசை திரவமாக இருக்கும் என்று அப்படி வைக்கிறார்கள். மரைக்குள் புகுந்து காற்று அடைபட்டதும் இறுகத் தொடங்கும். மரைக்கு வெளியே வழிந்தது நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதைக் காயும் என்று காத்திருக்காமல் துடைத்துவிட வேண்டும்.

எந்த உலோகம் என்பதும் கணக்கில் வரும். செம்பு சேர்ந்த உலோகங்களில் இது மிக வேகமாக இறுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் மெதுவாகத்தான் இறுகும். கத்தியில் இது உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஸ்க்ரூ பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், அங்கே மெதுவாகப் பிடிக்கும். வாஷரோ பல கத்திகளில் பாஸ்பர் பிரான்ஸ், அதாவது செம்பு சேர்ந்த உலோகம். ஒரு துளி வழிந்து வாஷருக்குப் போனால் அங்கே முந்திக்கொண்டு பிடித்துவிடும். மறுநாள் பிளேடு திறக்காது. ஆகவே அளவு மிக முக்கியம்.

செய்முறை இதுதான். பிவட் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுங்கள். பழைய பசை இருந்தால் மரையில் வெள்ளைத் தூளாக ஒட்டியிருக்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்தெடுங்கள். மரையின் எண்ணெய்ப் பசை போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சுத் துண்டு இதற்குப் போதும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் பிளாஸ்டிக் கைப்பிடியில் பட்டால் சில வகைகள் வெளுக்கும், சில இளகும். ஸ்க்ரூவை மட்டும் தனியாக அதில் நனைத்து எடுங்கள். ஸ்க்ரூ இறங்கும் குழாயின் உள்மரையையும் மறக்காதீர்கள். ஒரு பல்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி விட்டால் போதும்.

பசையை நேராகப் பாட்டிலிலிருந்து விடாதீர்கள். ஒரு காகிதத்தில் ஒரு துளி விட்டு, குண்டூசி முனையால் தொட்டு, ஸ்க்ரூவின் நுனியில் முதல் இரண்டு மூன்று மரைகளில் மட்டும் தடவுங்கள். கடுகில் பாதி அளவு. தலைப்பக்கம் தடவினால் ஸ்க்ரூ உள்ளே போகப் போகப் பசை வெளியே பிதுங்கி வாஷருக்கு வரும். நுனியில் தடவினால் குழாய்க்குள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் பாகங்களில் இந்தப் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட் போன்ற சில பிளாஸ்டிக்குகளில் மெல்லிய விரிசல் விடும்.

ஸ்க்ரூவை ஏற்றியதும் ஆட்டம் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்ய உங்களுக்குச் சில நிமிடங்கள் இருக்கின்றன. அதற்குள் முடித்துவிடுங்கள். பாதி இறுகியபின் திருகினால் பிடிப்பு உடைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. சரியான இடம் கிடைத்ததும் கத்தியை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள். அரை மணியில் பிடித்த மாதிரி இருக்கும், முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். எடுத்து எடுத்துத் திறந்து பார்க்கும் கை இருந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

ஃபெவிக்விக் இந்த இடத்தில் கூடவே கூடாது. அது மரையோடு நிற்காமல் பிவட் முழுக்க ஓடும், சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும். நெயில் பாலிஷ் பரவாயில்லை. கிளிப் ஸ்க்ரூவுக்கு ஒரு தொடு தொட்டால் கொஞ்ச நாள் தாங்கும். ஊரில் பசை கிடைக்காத இடத்தில், பிளம்பர் குழாயில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மெல்லிய கீற்றாகக் கிழித்து மரையில் ஒரு சுற்று சுற்றலாம். தற்காலிக ஏற்பாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொரு சின்ன வேலை. எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூத் தலையிலிருந்து கைப்பிடிக்கு ஓடும்படி நெயில் பாலிஷால் முடி அளவு கோடு ஒன்று போடுங்கள். அடுத்த மாதம் கோடு உடைந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. கோடு நேராக இருந்தும் பிளேடு ஆடுகிறது என்றால் தேய்ந்தது வேறு ஏதோ. தொழிற்சாலைகளில் நட்டு போல்ட்டுக்குச் செய்வதுதான் இது. பார்வைக்கு அசிங்கம் என்று சிலருக்குத் தோன்றும், எனக்குத் தோன்றவில்லை.

பிவட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவும் இல்லை, கழலவும் இல்லை

பிவட்டில் இரண்டு பாகம்: உள்மரை போட்ட குழாய், அதற்குள் இறங்கும் ஸ்க்ரூ. நல்ல கத்திகளில் குழாயின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவி, கைப்பிடித் துளையையும் அதே வடிவில் வைத்திருப்பார்கள். குழாய் சுற்றாது. அப்படி இல்லாத கத்திகளில் ஸ்க்ரூவைத் திருகினால் குழாயும் கூடச் சுற்றும்.

இரண்டு பக்கமும் நட்சத்திரக் குழி இருந்தால் இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள் போதும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகுங்கள். ஒரு பக்கம் வெறும் வழவழப்பான தலை என்றால், சைக்கிள் டியூப் துண்டை மேசையில் விரித்து, அந்தத் தலையை அதன் மேல் பலமாக அழுத்தியபடி மறுபக்கம் திருகுங்கள். பிளேடைப் பாதி திறந்து பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் குழாய் துளையோடு இறுகி நிற்கும். அதுவும் உதவும். உள்ளே பழைய பசை பிடித்திருப்பதால்தான் குழாயும் சேர்ந்து சுற்றுகிறது என்றால் அடுத்த பகுதியில் வரும் சூடுதான் வழி.

ஸ்க்ரூ அசையவே மறுக்கிறது

துருவா பசையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடற்கரைப் பக்கம், வியர்வை, மழை என்றால் துரு. தலையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். அதற்குத் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைக்கலாம். பழுப்பு எதுவும் இல்லாத, சுத்தமான, புதுக் கத்தி என்றால் தொழிற்சாலையில் தாராளமாக விட்ட பசை. அதற்கு எந்த எண்ணெயும் பயனில்லை, வெப்பம் வேண்டும்.

சால்டரிங் அயர்ன் இருந்தால் போதும். சூடேறியதும் அதன் முனையை ஸ்க்ரூவின் நட்சத்திரக் குழிக்குள் வைத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பிடியுங்கள். முனையில் துளி ஈயம் இருந்தால் வெப்பம் வேகமாக இறங்கும், ஆனால் ஈயம் குழிக்குள் ஒட்டிக்கொள்ளும், அதனால் துடைத்துவிட்டு வையுங்கள். எடுத்தவுடன், ஆறுவதற்குள், பிட்டைச் செருகித் திருகுங்கள். பசை இளகியிருந்தால் 'டக்' என்று விடாது. கெட்டியான மெழுகுக்குள் திருகுவதுபோல வழுவழுவென்று, ஒரே சீரான எதிர்ப்போடு வரும். நின்றுவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம், மறுபடி சூடாக்குங்கள். சிவப்புப் பசை பிடி தளர சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். அது வரும்வரை நாலைந்து சுற்றுப் பொறுமை தேவைப்படலாம்.

லைட்டர், மெழுகுவத்தி, கேஸ் அடுப்பு எதையும் கத்திக்குக் காட்டாதீர்கள். நைலான் கைப்பிடி உருகும், கண்ணாடியிழையால் செய்த ஜி10 கைப்பிடி கருகும். பிளேடு அதிகம் சூடானால் அதன் கடினம் குறையும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. சால்டரிங் அயர்னின் நல்ல குணம், சூடு ஸ்க்ரூவோடு நிற்பதுதான்.

குழி வட்டமாகிவிட்டது

பிட் சுற்றுகிறது, ஸ்க்ரூ அசையவில்லை. இதற்கு மேல் அதே பிட்டை அழுத்தித் திருகினால் கெடுதல்தான். முதலில் சூடு கொடுத்துப் பசையை இளக்குங்கள், எந்த முறைக்கும் அது உதவும். பிறகு தட்டையான ரப்பர் பேண்டை குழியின் மேல் விரித்து, அதன் வழியாகப் பிட்டை அழுத்தித் திருகிப் பாருங்கள். குழி லேசாக மழுங்கியிருந்தால் வரும். வரவில்லை என்றால் ஒரு அளவு பெரிய பிட்டைக் குழியில் வைத்து சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்துத் திருகுங்கள். டி6 குழிக்கு டி7, டி8 குழிக்கு டி9. கத்தியின் அடியில் மரக்கட்டை கொடுத்துவிட்டுத் தட்டுங்கள், லைனர் (கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு) வளைந்துவிடக் கூடாது.

தலை வெளியே புடைத்திருக்கும் கிளிப் ஸ்க்ரூ என்றால் கூர்மூக்குக் குறடால் பக்கவாட்டில் பிடித்துத் திருப்பலாம், அல்லது ஹாக்ஸா பிளேடு துண்டால் தலையில் ஒரு கோடு அறுத்துச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். கைப்பிடிக்குள் புதைந்த தலை என்றால் துளையிட்டு எடுப்பதுதான் மிச்சம். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளைத்தால் பாதி வழியிலேயே ஸ்க்ரூ பிடித்துக்கொண்டு கழன்றுவிடும். வீட்டில் கையால் பிடித்த டிரில்லை வைத்து 2 மி.மீ. ஸ்க்ரூவைத் துளைக்கப் போகாதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்தால் கத்தியை வைஸில் பிடித்துச் செய்து தருவார்கள். பிளேடில் டேப் சுற்றிக் கொடுங்கள்.

கிளிப் ஆடுகிறது, ஒரு ஸ்க்ரூ காணவில்லை

கிளிப் ஒவ்வொரு நாளும் பேண்ட் பையின் விளிம்பில் இழுபடுகிறது. ஸ்க்ரூ பிடித்திருப்பதோ ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத லைனரில் மூன்று மரைகளை. இதில் ஒன்று தளர்ந்து விழுந்தால், மிச்சம் இருப்பவையும் சீக்கிரம் போகும். இருப்பவற்றைக் கழற்றி, சுத்தம் செய்து, ஊதாப் பசையோ நெயில் பாலிஷோ தொட்டு ஏற்றுங்கள். இறுக்கும்போது விரல் நுனி பலம் மட்டும். மூன்று மரையை நாசம் செய்ய அதிக நேரம் ஆகாது.

காணாமல் போனதற்கு மாற்று வாங்குவதில்தான் சிக்கல். அமெரிக்க நிறுவனங்களின் கத்திகளில் அடிக்கடி வருவது 2-56 என்ற அங்குல மரை. வெளி விட்டம் 2.18 மி.மீ. சீனக் கத்திகளில் பெரும்பாலும் மெட்ரிக், எம்2 அல்லது எம்2.5. எம்2 ஸ்க்ரூ 2-56 துளையில் வழுக்கிக்கொண்டு இறங்கும், கொஞ்சம் பிடித்த மாதிரியும் இருக்கும், ஒரு வாரத்தில் விழும். எம்2.5 அதே துளையில் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை போகும். மிச்சமிருக்கும் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதுதான் நல்லது. மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பற்கள் கோத்துக்கொண்டு இடைவெளி தெரியாமல் நிற்க வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அதிகம் இருந்தாலும் நுனி உள்ளே எட்டிப் பார்த்து பிளேடைக் கீறும், அல்லது லாக் தகடு முழுக்க வந்து விழாமல் தடுக்கும். இரண்டாவது ஆபத்தானது. புது ஸ்க்ரூ போட்டதும் கைப்பிடியின் முதுகுப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, உள்ளே நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டியிருந்தால் கழற்றி, நுனியை அரத்தால் தேய்த்துக் குறையுங்கள்.

லைனரில் மரையே போய்விட்டது

ஸ்க்ரூ நல்லது, துளை வழவழப்பு. பசையை அதிகமாக விட்டு நிரப்பும் யோசனை வரும். மெல்லிய இடைவெளிக்குத்தான் அந்தப் பசை, பள்ளத்தை நிரப்பாது. 2-56 துளை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: அதையே எம்2.5 ஆக மரை போடுவது. இரண்டின் மரை இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றுதான், 0.45 மி.மீ. விட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. கிளிப்பின் துளையையும் கைப்பிடித் தகட்டின் துளையையும் அதற்கேற்பச் சற்று அகலப்படுத்த வேண்டும். லேத் பட்டறையில் எம்2.5 மரை போடும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா இடத்திலும் அவ்வளவு சின்னது வைத்திருக்க மாட்டார்கள். கிளிப்பை மறுபக்கம் மாற்றிப் போடத் துளைகள் இருக்கும் கத்தி என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், மறுபக்கம் மாட்டிவிடுங்கள்.

பிளேடு மேலும் கீழும் ஆடுகிறது

இது வேறு நோய். திறந்த பிளேடைக் கூர்ப்பக்கமும் முதுகுப்பக்கமும் லேசாகத் தள்ளினால் அசைவு இருக்கிறது என்றால் லாக் பிளேடை முழுக்கத் தாங்கவில்லை. சில கத்திகளில் பிளேடு வந்து முட்டும் ஸ்டாப் பின்னை உடல் ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். அதனால் உடல் ஸ்க்ரூக்களையும் பிவட்டையும் ஒரு தடவை சோதிக்கலாம். அதோடு சரி. ஆட்டம் போகவில்லை என்று பிவட்டை மேலும் இறுக்கினால், பிளேடு கனமாகி ஆட்டம் கையில் தெரியாமல் மறையும். லாக் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும்.

லைனர் லாக் என்றால் திறந்து உள்ளே பாருங்கள். லாக் தகடு பிளேடின் அடியில் எங்கே முட்டுகிறது? ஆரம்பத்தில் தன் பக்கத்து ஓரத்தில் இருக்கும், தேயத் தேய எதிர்ப்பக்கம் நகரும். எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் நகர இடமில்லை, லாக்கின் ஆயுள் முடிந்தது. முதுகில் லாக் வைத்த பழைய வகைக் கத்திகளில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது மட்டும் துளி அசைவு இருப்பது சகஜம், அது வேறு. லாக் வழுக்கி பிளேடு தானாக மடங்கப் பார்க்கும் கத்தியை மட்டும் எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். மடங்கும் பிளேடு நேராக விரல்களின் மேல்தான் விழும்.

இறுக்க ஸ்க்ரூவே இல்லை

ஓப்பினெல், விக்டோரினாக்ஸ் போன்றவை ரிவெட் அடித்த கத்திகள். ஓப்பினெலில் இன்னொரு கூத்து உண்டு. மரக் கைப்பிடி மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதி பிளேடைக் கவ்வும், வெயிலில் காய்ந்ததும் தளரும். மழையில் இறுகிவிட்டது என்று அரத்தை எடுத்து மரத்தைத் தேய்த்தால் கோடையில் ஆடும். நிழலில் சில நாள் உலர விட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். 1955-இலிருந்து வரும் அந்தச் சுற்று வளைய லாக் தளர்ந்திருந்தால், வளையத்தைக் கழற்றி அதன் வாயை விரலால் இம்மியளவு நெருக்கி மாட்டினால் பிடிக்கும்.

விக்டோரினாக்ஸில் தளர்ந்த ரிவெட்டை இறுக்க, பிளாஸ்டிக் தகடுகளைக் கழற்றிவிட்டு, ரிவெட்டின் ஒரு தலையை இரும்புக்கட்டியின் மேல் வைத்து மறு தலையைச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். மூன்று மென்மையான தட்டு, பிறகு எல்லாக் கருவிகளையும் திறந்து பார்ப்பது, மறுபடி மூன்று. ஸ்க்ரூ போலப் பின்னால் எடுக்க இதில் வழி கிடையாது. ஒரு தட்டு அதிகமாகி பிளேடு கனமானால், அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நூறு தடவை திறந்து மூடிப் பாருங்கள். கொஞ்சம் இளகும்.